ஊருணியைக் காத்த ஆவாரங்குறிச்சி

கேளுங்கள் மக்களே! பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் காடு மட்டுமே இருந்த காலம். அந்தக் காலத்தில் விறல்மாறன் என்று ஒரு மன்னன் இருந்தான்.

நல்ல மன்னன். குடிமக்கள் மேல் பாசம் உள்ளவன். கோபம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும்.

அவன் நாட்டின் தெற்கு மூலையில் ஆவாரங்குறிச்சி என்று ஓர் ஊர் இருந்தது. செம்மண் பூமி. கம்பும் துவரையும் விளையும். ஆவாரம்பூ பூக்கும் நாளில் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மஞ்சள்தான்.

ஊருக்கு நடுவே ஓர் ஊருணி. மழைத்தண்ணீர் ஓடிவந்து தேங்கும் பெரிய குளம் அது. அந்தத் தண்ணீரைத்தான் ஊர் குடித்தது. அதில்தான் குளித்தது. அதில்தான் மாடுகளையும் இறக்கிக் கழுவியது.

மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது. கோடை வந்து, தண்ணீர் இறங்கி, அடியில் பச்சைக் குழம்பாக நிற்கும்போது பேதி நோய் கிளம்பும். முதலில் குழந்தைகளைப் பிடிக்கும். பிறகு வயதானவர்களைப் பிடிக்கும். அதற்குப் பிறகு யாரையும் விட்டுவைக்காது. கோடை முடியும்போது ஆவாரங்குறிச்சியில் அழாத வீடு இருக்காது.

இந்தச் செய்தி மன்னன் காதுக்குப் போனது. மன்னன் மனம் உருகிவிட்டான்.

"அம்பலவாணரே, உடனே புறப்படுங்கள்!" என்றான்.

அம்பலவாணர் அரண்மனை வைத்தியர். கெட்டிக்காரர். நாடி பார்த்தால் நோய் தப்பாது. அவர் வண்டி வண்டியாக மருந்தோடு வந்தார். மாதுளை ஓட்டுக் கஷாயம் காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தார். "வாயைத் திற. குடி. அடுத்த ஆள் வா." அவ்வளவுதான் அவர் பேசிய பேச்சு. நோய் தணிந்தது. ஊரே அவர் காலில் விழுந்தது. அவரும் மகிழ்ச்சியோடு திரும்பிப் போனார்.

அடுத்த கோடையில் நோய் திரும்பி வந்தது.

"தண்ணீரில்தான் கோளாறு. நல்ல கிணறாக ஒன்று வெட்டுங்கள்!" என்றான் மன்னன்.

அரண்மனை ஆட்கள் வந்தார்கள். ஊருக்கு மேற்கே, தங்களுக்குக் கூடாரம் போட வசதியான இடமாகப் பார்த்து, ஆழமாக ஒரு கிணறு வெட்டினார்கள். கருங்கல்லால் சுற்றுச் சுவர் வைத்தார்கள். பார்க்க அழகான கிணறு. ஊரே மறுபடி காலில் விழுந்தது. ஆட்கள் போனார்கள். ஆனால் ஒருவரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவில்லை. எல்லோரும் பழைய ஊருணிக்கே போனார்கள். நோய் மறுபடி வந்தது.

இப்போது மன்னனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொடுத்த கிணற்றைத் தொடமாட்டார்களாமே! ஊருணியைச் சுற்றிக் காவல் போடுங்கள். எவன் குடத்தோடு வருகிறானோ அவனுக்குச் சவுக்கடி!"

காவலர் வந்தார்கள். சவுக்கோடு நின்றார்கள். காவலர் கிழக்கே பார்க்கும்போது பெண்கள் மேற்கே மொண்டார்கள். காவலர் மேற்கே ஓடும்போது பிள்ளைகள் கிழக்கே மொண்டார்கள். அவசரத்தில் கிடைத்த இடத்தில் மொண்டது இன்னும் மோசமான தண்ணீர். அந்தக் கோடையில் நோய் முன்னைவிட அதிகமாக ஆடியது.

மூன்று கோடை. மூன்று உதவி. மூன்றும் நல்லெண்ணத்தோடு செய்த உதவிதான். மூன்றும் வீணாகப் போயின.

அந்த மூன்றாம் கோடையில் அம்பலவாணரும் ஊருக்கு வந்திருந்தார். செம்பாயி என்று ஒருத்தி. புருஷன் கம்பங்காட்டில் வேலை செய்பவன். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையை நோய் பிடித்தது. அம்பலவாணர் தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தார். குழந்தை அவர் மடியிலேயே கண்ணை மூடிவிட்டது.

அவருக்குத் தாங்கவில்லை. துக்கம் கோபமாக வெளியே வந்தது.

"அரசர் கிணறு வெட்டிக் கொடுத்தாரே! அதை விட்டுவிட்டு இந்தச் சாக்கடையை ஏன் குடித்தீர்கள்? ஏன்?" என்று கத்தினார்.

செம்பாயி அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்னு எங்களை இதுவரைக்கும் யாருமே கேக்கலீங்களே, ஐயா. நீங்களும் இப்பத்தான் கேக்குறீங்க. அதுவும் பதிலுக்காகக் கேக்கல, திட்டுறதுக்காகக் கேக்குறீங்க."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அம்பலவாணர் அன்றைக்கே புறப்பட்டார். அவள் சொன்னதை நினைத்தபடியே தலைநகர் போய்ச் சேர்ந்தார்.

அங்கே மன்னன் வேறொரு முடிவு எடுத்து வைத்திருந்தான்.

"அந்த ஊரைக் காலி செய்துவிடப் போகிறேன். அடுத்த கோடையில் வண்டிகள் போகும். எல்லோரையும் ஏற்றிக் கொண்டுபோய் வேறு இடத்தில் குடிவைக்கலாம். சொன்ன பேச்சைக் கேட்காத ஜனங்கள்."

அம்பலவாணர் கைகூப்பினார். "மன்னா, அதற்கு முன் எனக்கு ஒரே ஒரு முறை வாய்ப்புக் கொடுங்கள்."

"எத்தனை வண்டி மருந்து வேண்டும்?"

"மருந்து வேண்டாம்."

"எத்தனை வேலையாட்கள் வேண்டும்?"

"வேலையாட்கள் வேண்டாம்."

"எத்தனை காவலர் வேண்டும்?"

"காவலும் வேண்டாம். அந்த ஊரோடு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும், மன்னா. இந்தக் கோடை முடிந்து அடுத்த கோடை வரும்வரை."

மன்னன் அவரை விசித்திரமாகப் பார்த்தான். பிறகு, "சரி, போய் வாருங்கள். கோடையில் வண்டிகளோடு நானே வருவேன்" என்றான்.

அம்பலவாணர் வெறுங்கையோடு நடந்தே ஆவாரங்குறிச்சி வந்தார். ஊருணிக் கரையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் உட்கார்ந்தார்.

"மருந்து கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லை."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உங்களைக் கேட்க வந்தேன்."

ஊர் சிரித்துவிட்டுக் கலைந்தது. முதலில் அவரிடம் யாருமே வரவில்லை. பிறகு திட்டுவதற்கு வந்தார்கள். திட்டி முடித்த பிறகுதான் பேச வந்தார்கள்.

கடைசியாக வந்தவள் செம்பாயி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரில் நின்றாள்.

அம்பலவாணர் எழுந்து நின்றார். "அம்மா, அன்றைக்கு நான் கேட்டது தப்பு. இன்றைக்கு ஒழுங்காகக் கேட்கிறேன். அரசர் வெட்டிய கிணற்றை ஏன் தொடவில்லை?"

"அந்தத் தண்ணியில பருப்பு வேகாதுங்க. அம்புட்டு உப்பு. காலையில உலையில போட்டா மத்தியானம் வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும். அதோட அது மேற்கே எங்கேயோ கெடக்கு. காட்டு வேலைக்குப் போறவ அங்க போய், அந்தப் பாதாளத்துல இருந்து எப்படி எறைச்சுட்டு வருவா?"

அம்பலவாணர் தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை சின்ன விஷயம். வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இன்னும் சொல், அம்மா."

செம்பாயி கொஞ்சம் தயங்கினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"ஊருணிக்குத் தண்ணி வர்ற ஓடை ஓரத்துலதான் பொம்பளைங்க நாங்க வெளிக்குப் போறோம். அங்கதான் மறைவுக்குப் புதர் இருக்கு. முதல் மழையில அதெல்லாம் எங்க வந்து சேரும்னு எங்களுக்கும் தெரியும். என்ன பண்ண? இதை எந்த ஆம்பளைகிட்டப் போய்ச் சொல்ல?"

"என்னிடம் சொன்னாயே. அதற்கு நன்றி" என்றார் அம்பலவாணர். அந்த ஊரில் அவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை வாங்கித்தான் பழக்கம்.

அவரும் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு எப்படி வயிற்றுக்குள் போகிறது, எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது, காய்ச்சிய தண்ணீரில் அரிசிக் கஞ்சியும் உப்பும் கலந்து விடாமல் கொடுத்தால் எப்படி உயிர் தங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். புரியாதவர்கள் திரும்பக் கேட்டார்கள். அவர் திரும்பச் சொன்னார்.

பேச்சு வளர்ந்து ஓர் இடத்துக்கு வந்து நின்றது. ஊருணியைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். குளிப்பதும் துவைப்பதும் கீழே வடிகாலில். மாடுகள் இறங்கவே கூடாது.

இங்கேதான் வம்பு வந்தது.

ஊரிலேயே பெரிய மந்தை மழவராயருடையது. முரட்டு மனிதர். மாடுகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்ப்பவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"என் மாடுங்க எங்க போய்த் தண்ணி குடிக்கும்? வானத்துலயா? எங்க அப்பன் காலத்துல இருந்து இந்த ஊருணிலதான் இறங்குது. எவன் தடுக்குறான்னு பாக்குறேன்."

அம்பலவாணருக்கு அரசன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "அரசர் ஆணை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறப்பதற்குள் செம்பாயி கையமர்த்தினாள்.

"நீங்க சும்மா இருங்க, ஐயா. நான் போய்ப் பேசிக்கிறேன்."

அவள் மழவராயர் தொழுவத்துக்குப் போனாள். அவர் ஒரு கிடேரிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"என்ன செம்பாயி, மாட்டை விரட்டச் சொல்லி அனுப்பிச்சாங்களா?"

"இல்லை மாமா. மாடு தாகத்தோட நிக்கணும்னு யாரும் நினைக்கல. மாட்டைப் பத்தி இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்குத் தெரியும்? ஊருணிக்கும் கேடு வராம, மாட்டுக்கும் பங்கம் வராம ஒரு வழி இருந்தா நீங்கதான் சொல்லணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

மழவராயர் கை நின்றது. அவரிடம் வழி கேட்டு யாரும் இதுவரை வந்ததில்லை. வழியை விடு என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள்.

எழுந்து, மேற்கே கிணறு இருக்கும் பக்கம் பார்த்தார்.

"ராசா வெட்டுன கிணறு சும்மாதானே கெடக்கு?" என்றார். "உப்புத் தண்ணின்னா மனுசனுக்குத்தான் ஆகாது. அந்த அளவு உப்பு மாட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆழம்தான் அதிகம். தண்ணி மொள்ளத் தோல்ல பெரிய சால் தைச்சு, கயித்துல கட்டிக் கவலை ஏத்தம் பூட்டுனா என் காளைங்களே இழுத்து எறைச்சுப்புடும். பக்கத்துல நீளமா ஒரு தொட்டி கட்டணும். கட்டுறதுக்கு ஆள் வருமா?"

"வரும், மாமா."

ஆள் வந்தது. ஊரே வந்தது. ஒருவர் கல் சுமந்தார், ஒருவர் சுண்ணாம்பு அரைத்தார், ஒருவர் சால் தைத்தார். யாருக்கும் ஆகாது என்று கிடந்த அரசன் கிணறு, ஊர் மாடுகளுக்கெல்லாம் தாகம் தீர்த்தது.

பிறகு ஊருணியைத் தூர் வாரினார்கள். சுற்றி முள்வேலி கட்டினார்கள். பெண்கள் தாங்களே போய், ஊருக்குக் கிழக்கே தாழ்ந்த நிலத்தில் மறைவான தோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே குழி வெட்டி, மண் தள்ளி மூடும் வழக்கம் ஏற்பட்டது. ஓடை ஓரம் சுத்தமாயிற்று.

எல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் கட்டிய வேலியை ஆடு தின்றது. புதிய தோப்பில் பாம்பைப் பார்த்ததாக ஒருத்தி அலற, பாதிப் பேர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். கரையில் துணி துவைத்த ஒருத்திக்கும் அவளைத் தட்டிக் கேட்டவளுக்கும் குடுமிப்பிடிச் சண்டை. ஒவ்வொரு முறையும் புங்கமரத்தடியில் கூடினார்கள். கத்தினார்கள். பிறகு வழி கண்டார்கள். தோப்புக்குப் பாதை வெட்டினார்கள். வேலிக்குக் கள்ளி நட்டார்கள். ஊருணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை தெருவுக்குத் தெரு முறை மாறி வந்தது.

அம்பலவாணரும் தம் முறைக்குக் காவல் இருந்தார்.

மழை வந்தது. ஊருணி நிறைந்தது. பனி வந்தது, போனது. பிறகு கோடை வந்தது.

அந்தக் கோடையில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. யாராவது குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் நாலு வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். இரண்டொரு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உப்புக் கஞ்சி கொடுத்தே எழுப்பி உட்காரவைத்தார்கள். நோய் பரவவில்லை. ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

சொன்னபடி மன்னன் வந்தான். முன்னால் யானைகள், பின்னால் வரிசையாகக் காலி வண்டிகள். கூடவே அவனுடைய செல்ல மகள் குழலி. ஆவாரம்பூ பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்திருந்தாள்.

ஊரைப் பார்த்த மன்னனுக்கு நம்ப முடியவில்லை. பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டிலும் முனகல் சத்தம் இல்லை.

பக்கத்தில் இருந்த அமைச்சர் காதோடு சொன்னார்: "ஊர் போய்விடுமே என்று நோயாளிகளை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், மன்னா. இவர்களை நம்பாதீர்கள்."

மன்னன் யோசித்தான். பிறகு ஊரைக் கூட்டிச் சொன்னான்.

"இன்று இங்கேயே தங்குகிறேன். நாளைக் காலையில் உங்கள் ஊருணித் தண்ணீரை நான் குடிப்பேன். காய்ச்ச வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். மொண்டு அப்படியே கொடுங்கள். குடித்துவிட்டு இங்கேயே இருப்பேன். எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் வண்டிகள் காலியாகத் திரும்பும். தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால் அதே வண்டிகளில் நீங்கள் ஏற வேண்டியதுதான்."

ஊர் சம்மதித்தது. தங்கள் தண்ணீர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் பொழுது விடியும் நேரம். அரசனின் யானை ஒன்று பிளிறியது. அதுவரை யானைப் பிளிறலையே கேட்டிராத மாடுகள் மிரண்டன. மழவராயரின் மந்தை தொழுவத்தை முட்டித் திறந்துகொண்டு ஓடியது. கள்ளி வேலியைப் பிய்த்துக்கொண்டு நேராகப் பழைய பழக்கத்தில் ஊருணிக்குள் இறங்கியது.

மழவராயர் பின்னாலேயே ஓடினார். தண்ணீரில் நின்ற மாடுகளைத் தட்டி, அதட்டி, கெஞ்சிக் கரையேற்றினார். தொழுவத்தில் அடைத்தார். திரும்பிவந்து, பிய்ந்த வேலியை முள் வைத்து அடைத்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். அன்று காவல் முறைக்காரர்களும் அரசன் கூடாரத்துக்கு வேலையாகப் போயிருந்தார்கள். ஒருவரும் இல்லை.

ஊருணியைப் பார்த்தார். கலங்கல் மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. மேலாகப் பார்த்தால் தெளிந்த தண்ணீர். ஆனால் உள்ளே என்ன விழுந்தது என்று அவருக்குத் தெரியும்.

சொன்னால் ஊர் போய்விடும். அதுவும் தம் மாட்டால் போகும். சொல்லாவிட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போகலாம். மன்னன் நல்ல திடகாத்திரமான ஆள்தானே?

இப்படி நினைத்தபடியே அவர் புங்கமரத்தடிக்கு வந்தார். ஊர் கூடியிருந்தது. எதுவும் அறியாத செம்பாயி சற்று முன்புதான் ஊருணியில் மொண்டு வந்திருந்தாள். செம்பில் ஊற்றி மன்னன் கையில் கொடுத்தாள்.

மன்னன் செம்பைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற குழலி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, எனக்குத் தாகமா இருக்கு. எனக்குத்தான் முதல்ல!"

மன்னன் சிரித்தான். செம்பை மகளிடம் கொடுத்தான். குழந்தை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

"குடிக்காதே தாயி!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார் மழவராயர். செம்பைத் தட்டிவிட்டார். செம்பு உருண்டது. தண்ணீர் செம்மண்ணில் ஊறிப்போனது. வீரர்கள் வாளை உருவினார்கள். குழந்தை வீரிட்டு அழுதது.

"என் மாடு இறங்கிருச்சு ராசாவே. விடியக்காலம் வேலியைப் பிச்சுக்கிட்டு இறங்கிருச்சு. இந்தத் தண்ணி இன்னைக்கு ஆகாது."

கூட்டத்தில் பலர் சட்டென்று ஊருணிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மன்னன் வாளை இறக்கச் சொல்லிக் கையசைத்தான். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"மாடு இறங்கியதை வேறு யார் பார்த்தார்கள்?"

"ஒருத்தரும் பாக்கல."

"என் காவலர்?"

"அவுக தூங்கிக்கிட்டு இருந்தாக."

"நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் ஊர் தப்பியிருக்குமே. சொன்னதால் போகப்போகிறது. அது தெரியாதா உனக்கு?"

மழவராயர் செம்பாயியைப் பார்த்தார். பிறகு மன்னனைப் பார்த்தார்.

"தெரியும் ராசாவே. ஊர் போனா வேற எடத்துல குடிசை போட்டுக்கலாம். புள்ளை போனா எங்க போய்க் கொண்டாரது? போன கோடையில இந்தப் பொண்ணு தன் புள்ளையைப் பறிகொடுத்தா. அன்னைக்கும் என் மாடுங்க இந்தத் தண்ணியிலதான் நின்னுச்சு. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அந்தப் பாவத்தை இன்னொரு தடவை என்னால சுமக்க முடியாது. மாடு என்னுது. தண்டனையை எனக்குக் குடுங்க. ஊரை விட்டுருங்க."

மன்னன் பதில் சொல்வதற்குள் செம்பாயி திரும்பி நடந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர் நடந்தார்கள். யாரும் யாருக்கும் ஆணையிடவில்லை. ஒருத்தி தெருத் தெருவாகப் போய், "இன்னைக்கு ஊருணித் தண்ணியைக் காய்ச்சாமத் தொடாதீங்க, மாடு இறங்கிருச்சு!" என்று குரல் கொடுத்தாள். ஆண்கள் வேலியைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். இளைஞர்கள் இறங்கிச் சாணத்தையும் கலங்கலையும் வாரி வெளியே கொட்டினார்கள். கரையோரத்து மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். மணலில் வடிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. அதை மொண்டு பெரிய பானையில் கொதிக்கவைத்தார்கள். கலங்கிப்போய் நின்ற மழவராயரை யாரும் ஏசவில்லை. "வாங்க மாமா, கள்ளி வெட்டணும்" என்று ஒருவன் கையைப் பிடித்து அழைத்துப்போனான்.

மன்னன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு அமைச்சரிடம் மெல்லச் சொன்னான்: "நான் சவுக்கோடு நிறுத்திய காவலரால் இந்தத் தண்ணீரைக் காக்க முடியவில்லை. இன்று யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மனிதன் இதைக் காத்தான். என் மகளையும் சேர்த்துக் காத்தான். இவர்கள் எதையும் ஒளிப்பவர்கள் இல்லை."

அமைச்சர் தலை குனிந்தார்.

காய்ச்சிய தண்ணீர் ஆறியது. செம்பாயி அதைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தாள். இந்த முறை மன்னனிடம் கொடுக்கவில்லை. மண்டியிட்டு, குழலியைத் தன் மடியில் இருத்திக்கொண்டு, தன் கையாலேயே புகட்டினாள். குழந்தை மடமடவென்று குடித்தது. குடித்துவிட்டு அவள் தோளில் சாய்ந்துகொண்டது. செம்பாயியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

மன்னன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். மன்னன் மண்ணில் உட்கார்ந்ததை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

"அம்மா, இந்த ஊருக்கு நான் என்ன செய்ய வேண்டும்? இந்த முறை நீங்களே சொல்லுங்கள்."

செம்பாயி யோசித்தாள். ஊராரைப் பார்த்தாள். அவர்களோடு குசுகுசுவென்று பேசினாள். பிறகு சொன்னாள்:

"மாட்டுத் தொட்டிக்கு நல்ல கல்லு குடுங்க, ராசாவே. சுண்ணாம்பு கரையுது. அப்புறம், மழை தொடங்குறதுக்கு முன்ன வைத்தியரையா வருசா வருசம் இங்க ஒரு நடை வரணும். தெரியாததை அவருகிட்ட நாங்க கேட்டுக்குவோம். அப்புறம்..." என்று இழுத்தாள்.

"சொல்லம்மா."

"அடுத்த தடவை யானையைக் கூட்டிக்கிட்டு வராதீங்க."

மன்னன் வாய்விட்டுச் சிரித்தான். ஊரும் சிரித்தது. மழவராயரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வண்டிகள் காலியாகத் திரும்பின. புறப்படுவதற்கு முன் மன்னன் மழவராயரை அழைத்துத் தழுவிக்கொண்டான். "என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். உன் ஊருக்கு நான் கடன்பட்டவன்" என்றான்.

அன்று அந்த ஊரில் யாரும் யார் காலிலும் விழவில்லை. ஆனால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். சால் தைத்தவனுக்குக் கல் சுமந்தவன் சொன்னான். துவைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டவளுக்கு அவளோடு சண்டை போட்டவள் சொன்னாள். அம்பலவாணர் செம்பாயியிடம் வந்து நின்றார். கைகூப்பினார்.

"நீங்க வந்து உக்காந்து கேட்டீங்களே ஐயா, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்றாள் அவள். "என் புள்ளை இல்லைங்கிற குறை தீராது. ஆனா தெருவுல ஓடுற புள்ளைங்க சத்தம் காதுல விழும்போது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கு."

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்கள் ஆவாரங்குறிச்சியைக் கூப்பிட்டன. செம்பாயியும் மழவராயரும் அம்பலவாணரோடு ஊர் ஊராகப் போனார்கள். எந்த ஊரிலும் போனவுடன் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முதலில் கேட்டார்கள். ஓர் ஊரில் வழி குளத்தில் இருந்தது. இன்னோர் ஊரில் அடுப்பங்கரையில் இருந்தது. மற்றோர் ஊரில் குப்பைமேட்டில் இருந்தது. எந்த ஊரிலும் அதைக் கண்டுபிடித்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. அந்த ஊர்களிலெல்லாம் குழந்தைகள் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், பிள்ளைகுட்டி பெற்றார்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கும் நன்றி, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஓர் ஊரின் நலத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட முடியாது, அந்த ஊர் மக்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து, அவர்கள் கையாலேயே ஆக்கும் நலம்தான் நிலைத்து நிற்கும்.